ஏழாம் ஷெட்டின் இரண்டு படங்கள்

இன்பம் வைத்திருந்ததைக் கேமரா என்று சொல்லத் தனுஷ்கோடிக்கு வாய் வராது. 'டப்பா' என்றுதான் சொல்லுவார். விருதுநகரில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருந்தவர், சொல்லத்தானே செய்வார். படச்சுருளைக் கழுவக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும், "என்ன நர்சம்மா, உங்க டப்பா இந்தத் தடவை எத்தனை பேருக்குத் தலையை வெட்டியிருக்கு?" என்று கேட்ட பிறகுதான் கையை நீட்டுவார். இன்பமும் சிரித்து வைப்பாள்.

அவர் சொன்னதிலும் பெரிய தப்பில்லை. கறுப்பு அட்டைப்பெட்டி போல ஒரு உடம்பு, முன்னால் ஒற்றைக் கண்ணாடி, பக்கத்தில் அழுத்த ஒரு சின்ன இரும்பு, அவ்வளவுதான். எட்டுப் படத்தில் சுருள் தீர்ந்துவிடும். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருத்தி, ஊருக்குத் திரும்பும்போது இன்பத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனது. மூடி இறுகாததால் ஓரத்தில் எல்லாம் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை ஒட்டி வைத்திருந்தாள். நல்ல வெயிலில் ஆளை அசையாமல் நிறுத்தினால் முகம் விழும். இல்லாவிட்டால் மூக்கு எது, வாய் எது என்று தேட வேண்டும்.

தனுஷ்கோடி அந்த 1963ஆம் வருஷத் தொடக்கத்தில்தான் புது ஜெர்மன் கேமரா வாங்கியிருந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடி. மேலே குனிந்து பார்த்துப் படம் பிடிக்க வேண்டும். சிவகாசியில் காலண்டர் போடுகிறவர்கள் எல்லாம் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைவிட அந்தக் கேமராவைத்தான் ஜனங்கள் அதிகம் பார்த்தார்கள். அவரும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரியே நடந்தார்.

ஜூலை மாதம் காலரா ஊசி போட, இன்பம் தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்குப் போனாள். சீசன் ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. ஆட்களை வெளியே வரிசையில் நிறுத்த போர்மேன் விடவில்லை. "உள்ள போயி போட்டுட்டு வந்துருங்க, அவுக கை நிக்கக் கூடாது" என்றான். இன்பம் ஷெட் ஷெட்டாகப் போனாள். ஏழாம் ஷெட்டில் சரம் பின்னுகிற பெண்கள் பதினொரு பேர், ஒருத்தி முழங்கால் இன்னொருத்தி முதுகில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஷெட்டுக்கு நாலு பேருக்குமேல் கூடாது என்பது சட்டம். இருந்தது ஒரே வாசல். பின்சுவர் முழுக்கப் பெட்டி அடுக்கியிருந்தது.

ஊசி போட்ட இடத்தில் வெடிமருந்துத் தூசி படக்கூடாதே என்று, ஒவ்வொருத்தி இடது புஜத்திலும் பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினாள். முடித்துக் கிளம்பும்போது மாடத்தி, டப்பா எட்டிப் பார்த்த அவளுடைய பையைக் காட்டி, "எக்கா, எங்களையும் ஒரு படம் புடிங்கக்கா" என்றாள். மாடத்திக்குத்தான் அந்த ஷெட்டில் வாய் நீளம். இன்பம் வாசலில் தன் ஊசி மருந்துப் பெட்டிமேல் டப்பாவை வைத்து, இருட்டாக இருந்ததால் இரும்பை அழுத்திப் பிடித்தபடி மூன்று எண்ணினாள். அசையாதீங்க என்று சொல்லித்தான் பார்த்தாள். பின்னுகிற கை எங்கே நிற்கும்!

அந்தப் படத்தைக் கொடுக்கும்போது தனுஷ்கோடி தலையில் அடித்துக்கொண்டார். "இதைத் தூரப் போடுங்க நர்சம்மா. பேய்க கூட்டம் போட்ட மாதிரி இருக்கு." இன்பம் தூரப் போடவில்லை.

ஆகஸ்டு இருபதாம் தேதி பகல் பதினொரு மணிக்கு ஏழாம் ஷெட்டில் தீப்பிடித்தது. பதினொரு பேரும் அந்த ஒற்றை வாசலில் முண்டினார்கள். எல்லாருக்கும் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் பொன்னுத்தங்கம். கடைசியாக வெளியே வந்தவளும் அவள்தான். இரண்டு காலும் இடுப்பு வரை வெந்துபோயிற்று. மற்றவர்கள் கொப்புளங்களோடு தப்பினார்கள்.

கம்பெனி முதலாளி தங்கச்சாமி விசாரணைக்கு எழுதிக் கொடுத்த விவரம் வேறு மாதிரி இருந்தது. ஷெட்டில் வேலை பார்த்தது நாலே பேர். பதிவேட்டில் இருக்கிற பெயரும் நாலுதான். முன்னும் பின்னும் இரண்டு வாசல் உண்டு. மாடத்தி பக்கத்து வீட்டுக்காரி பொன்னுத்தங்கத்தைக் கதை பேசக் கம்பெனிக்குள் கூட்டி வந்தாள், பேச்சு சுவாரசியத்தில் கவனம் தப்பியது, தீப்பிடித்தது. ஆகவே மாடத்தி மேல்தான் கேஸ் போட வேண்டும். பதிவேட்டில் இல்லாத மற்ற ஆறு பேரையும் போர்மேன் வீடு வீடாகப் போய்ப் பார்த்தான். வாயைத் திறந்தால் எந்தக் கம்பெனியிலும் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தான். பதிவேட்டில் இருந்த மற்ற மூன்று பேரும் தானாகவே வாயை மூடிக்கொண்டார்கள்.

வார்டில் பொன்னுத்தங்கத்துக்குக் கட்டுப் போடுவது இன்பம்தான். ஒருநாள் கட்டை அவிழ்க்கும்போது அவள், "எக்கா, நான் அங்கன வேலையே பாக்கலையாமே?" என்று கேட்டாள். மூன்று வருஷமாக அங்கே சரம் பின்னியவள். அன்று சாயங்காலமே இன்பம் விசாரணை அதிகாரிக்கு, தன்னிடம் ஒரு படம் இருக்கிறது என்று கடிதம் எழுதினாள்.

செய்தி எப்படியோ ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் காதுக்குப் போயிற்று. "நமக்கு எதுக்கும்மா இந்த வம்பு? தங்கச்சாமி நம்ம ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்டே கட்டிக் குடுத்தவர்" என்றார்.

"வார்டு கட்டிக் குடுத்தா, அதுல படுக்க ஆளையும் அவரே அனுப்பணுமா டாக்டர்?" என்றாள் இன்பம். அவளுடைய மாற்றல் உத்தரவு மேஜையில் தயாராக இருக்கிறது என்று மறுநாளே ஆபீஸில் இருந்து ஒருத்தி வந்து சொன்னாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

செப்டம்பரில் சிவகாசி டிராவலர்ஸ் பங்களாவில் விசாரணை நடந்தது. மதராஸில் இருந்து வந்த அதிகாரி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். முதலாளி நாற்காலியில், தனுஷ்கோடி கேமராவும் தோளுமாக அவர் பக்கத்தில். மாடத்தி கையில் கட்டோடு சுவரோரம் நின்றாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மேஜையில் இரண்டு படங்கள் இருந்தன. இன்பத்தின் படம் உள்ளங்கைக்குள் அடங்கும். கம்பெனியின் படம் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரியது. ஏழாம் ஷெட் எரிந்துவிட்டதால், அதே மாதிரி கட்டிய எட்டாம் ஷெட்டைத் தனுஷ்கோடி எடுத்திருந்தார். வெள்ளையடித்த சுவர், தலை சீவிப் பூ வைத்த நாலு பெண்கள், பின்னால் திறந்து கிடக்கிற வாசல், எல்லாம் கண்ணாடி போட்டுப் பார்த்த மாதிரி இருந்தது. ஊரில் எவ்வளவு பெரிதாகப் போட முடியுமோ அவ்வளவு பெரிதாகப் போடச் சொன்னவர் முதலாளிதான்.

அதிகாரி சின்னப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், "இதில் முகமே தெரியவில்லையே அம்மா" என்றார்.

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்" என்றார் தங்கச்சாமி. "இதை வச்சிக்கிட்டு எம்மேல பழி போட வந்துட்டாக. தனுஷ்கோடி, நீரே சொல்லும், ரெண்டு கேமராவையும் பத்தி."

தனுஷ்கோடிக்கு இது போதாதா? எழுந்து நின்றார். "சார், அது பிள்ளைகளுக்குப் பழகக் குடுக்குற சாமான். வெயில்ல வச்சு எடுத்தா ஏதோ விழும். இருட்டுல எடுக்கணும்னா கண்ணைத் திறந்து வச்சிக்கிட்டு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணணும். அதுக்குள்ள அசைஞ்சது எல்லாம் புகையாப் போயிரும். இது அப்படியில்ல சார். இம்புட்டு வெளிச்சம் இருந்தாப் போதும், பறக்குற ஈயைப் புடிச்சு நிறுத்தும்."

"உங்க கேமராதான் உசத்தி. நான் இல்லேன்னு சொல்லல" என்றாள் இன்பம். குரல் நடுங்கும் என்று பயந்துகொண்டு வந்திருந்தாள். கோபத்தில் நடுக்கம் வரவேயில்லை. "அசைஞ்சது புகையாப் போகும். அசையாதது?"

"அது விழும்."

"ஆளே இல்லாத இடத்துல புகை விழுமா?"

தனுஷ்கோடி சிரித்தார். "இல்லாத ஆள் எப்படிம்மா விழும்?"

"அப்பம் எண்ணுங்க சார். மூஞ்சியைப் பாக்க வேண்டாம். புஜத்தைப் பாருங்க. வெள்ளை வெள்ளையாத் தெரியுறது நான் ஒட்டுன பஞ்சு. கைதான் ஓடிச்சு, புஜம் அவ்வளவா அசையல."

அதிகாரி பையில் இருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பதினொன்று. இன்பம் ஆஸ்பத்திரி ஊசிப் பதிவேட்டைத் திறந்து முன்னால் வைத்தாள். ஜூலை பதினெட்டு, ஏழாம் ஷெட், பதினொரு ஊசி.

தங்கச்சாமி லேசுப்பட்டவர் இல்லை. "ஊசி போடணும்னு மத்த ஷெட்டு ஆளுகளையும் அங்கன வரச் சொல்லியிருப்பாக சார். வந்தவுக அப்படியே உக்காந்துட்டாக. அதுல என்ன?"

"ஊசிக்கு வந்து உக்காந்தவுக கை எதுக்கு அண்ணாச்சி புகையாப் போச்சு?" என்று கேட்டாள் இன்பம். "தனுஷ்கோடி அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. சும்மா உக்காந்திருக்குற கை இப்படி விழுமா?"

தனுஷ்கோடி குனிந்து பார்த்தார். தொழில் என்று வந்துவிட்டால் அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. தப்பாகச் சொன்னால் தன் வித்தைக்குத்தான் கேவலம் என்று நினைக்கிறவர். "இல்ல, இது வேகமா ஓடுன கை. பின்னிக்கிட்டு இருந்திருக்காக. பதினொரு பேர் கையும்தான்" என்று சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்து முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

தங்கச்சாமியின் முகம் கறுத்தது. "சரி சார், கூட ஆள் இருந்தாகன்னே வச்சுக்கிடுவோம். வாசல் ரெண்டு இருக்கே! வெளிய வர என்ன கஷ்டம்? கட்டுன நாள்லருந்து எல்லா ஷெட்டுக்கும் பின்வாசல் உண்டு. இந்தா, படத்துலயே இருக்கு பாருங்க."

அதிகாரி பெரிய படத்தைத் தன் பக்கம் திருப்பினார். "கதவு மிகத் தெளிவாகத்தான் விழுந்திருக்கிறது" என்று ஒப்புக்கொண்டார். இன்பத்தின் படத்தில் பின்சுவரை மறைத்துப் பெட்டிகள்தான் இருந்தன. பெட்டிக்குப் பின்னால் வாசல் இல்லை என்று எப்படிக் காட்டுவது?

தவறிப் பேசிவிட்டோமே என்று தவித்துக்கொண்டிருந்த தனுஷ்கோடிக்கு, முதலாளியைக் குளிர்விக்க நல்ல சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது. மேஜையோரம் வந்து படத்தின் மேல் விரலை வைத்தார். "கதவு என்ன சார் கதவு! நிலையைச் சுத்திப் பூசியிருக்காகளே, அதுல ஈரம்கூடத் தெரியும் பாருங்க. இந்தா, கறுப்பா, திட்டுத் திட்டா. ஈரத்தைப் படத்துல கொண்டுவர்றது லேசுப்பட்ட காரியமா? மதராஸ்ல போய்க் கேளுங்க, எத்தனை பேரால முடியும்னு!"

தனுஷ்கோடி பாராட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஈரம்?" என்றார் அதிகாரி மெதுவாக. பூதக்கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனார். "நான் போன வாரம் எட்டாம் ஷெட்டைப் பார்த்தபோது நிலையைச் சுற்றிச் சுவர் காய்ந்து, புகை பிடித்துப் பழையதாக இருந்ததே." படத்தைக் கவிழ்த்தார். தனுஷ்கோடி ஸ்டுடியோ முத்திரையும், அவர் எந்தப் படத்திலும் எழுத மறக்காத தேதியும் இருந்தன. 22-8-63. தீப்பிடித்து இரண்டாம் நாள்.

"கட்டின நாளில் இருந்து இருக்கிற வாசலுக்கு இரண்டாம் நாள் எதற்குப் புதுச் சிமெண்டு பூசினீர்கள்?"

தங்கச்சாமி தனுஷ்கோடியைப் பார்த்த பார்வையில் அந்த வருஷக் காலண்டர் வேலை, அடுத்த வருஷக் காலண்டர் வேலை எல்லாம் போயிற்று. பாவம், அவருக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. "நல்லாத்தானே வந்திருக்கு?" என்று இன்பத்திடம் முணுமுணுத்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு அண்ணாச்சி" என்றாள் அவள். அதை மனசாரத்தான் சொன்னாள். இத்தனை நாள் டப்பா டப்பா என்று சொன்னதற்கெல்லாம் சேர்த்துச் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது.

தங்கச்சாமி எழுந்துவிட்டார். "சார், ஒரு விசயம். பதிவேட்டுல இருக்குறது நாலு பேரு. மத்தவுக யாரு, என்னன்னு கம்பெனிக்குத் தெரியாது. பேரில்லாத ஆளுகளுக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்? இந்தப் படத்துலயும் மூஞ்சி இல்லையே, இது இன்னார்னு யாரு சொல்லுவா?"

"நான் சொல்லுவேன்" என்றாள் மாடத்தி.

சுவரோரத்தை விட்டு வந்து, முதலாளியின் நாற்காலியைத் தாண்டி, மேஜைக்கு முன்னால் நின்றாள். கட்டுப் போடாத கையால் அந்தச் சின்னப் படத்தை எடுத்தாள்.

"ஏ மாடத்தி, நெனச்சுப் பேசு" என்றார் தங்கச்சாமி. "தீபாவளி முடிஞ்சா பொங்கலு வரும். நாளைக்கும் நீ இந்த ஊர்லதான் இருக்கணும்."

"இருக்கத்தான் போறேன்" என்றாள். அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. படத்தை அதிகாரி முன்னால் வைத்து, சுவரோரம் புகை மாதிரி இருந்த ஒரு உருவத்தின் மேல் விரலை ஊன்றினாள்.

"இது பொன்னுத்தங்கம். ஊரு தாயில்பட்டி. மூணு வருசமா எம்பக்கத்துல உக்காந்து சரம் பின்னுறா. கதை பேச வரல, வேலைக்கு வந்தா. எழுதுங்க ஐயா. இன்னும் ஆறு பேரு இருக்காக, ஒவ்வொருத்தியாச் சொல்றேன்."