பானெட்டில் ஒரு பிடி புல்

ஆதிகேசவனின் டாட்ஜ் பிக்கப் வண்டியின் பானெட்டில் தினமும் காலையில் ஒரு பிடி பச்சைப் புல் இருக்கும். வேரில் மண் இருக்காது. யாரோ மெனக்கெட்டு வாய்க்காலில் அலசி வைத்த புல். அந்த அக்கறைதான் அவன் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. போகிற போக்கில் ஒருவன் அவமானப்படுத்திவிட்டுப் போனால் மறந்து தொலைக்கலாம். உட்கார்ந்து அலசி அவமானப்படுத்தினால் எப்படி மறப்பது?

எல்லாம் அறுபத்தொன்பதாம் வருஷத்து வைகாசி கருட சேவையன்று ஆரம்பித்தது. தன் ஊரான தாமலிலிருந்து இருபது பேரை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குப் போனான். வண்டி யுத்த காலத்தில் ராணுவத்துக்கு உழைத்துவிட்டு ஏலத்துக்கு வந்தது. அதை வாங்கிய நாளிலிருந்து ஊரில் அவன் நடந்து போனதில்லை, வண்டி நின்றுபோய்த் தள்ளிய நாட்களைத் தவிர. அன்றைக்கு காந்தி ரோட்டில் கிளட்ச் கருகி, வண்டி தெருவுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. இஞ்சின் உறுமியது, சக்கரம் அசையவில்லை. நூறு அடிக்கு அந்தப் பக்கம் பெருமாள் கருடன்மேல் வந்துகொண்டிருந்தார். போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் ராஜகோபால், ஆதிகேசவனின் பெரியப்பா மகன். அவர் மாட்டு வண்டியில் வந்திருந்தார். செவலை, மயிலை என்ற இரண்டு மாடுகளையும் நுகத்தடியோடு அவிழ்த்து வந்து டாட்ஜின் முன்னால் பூட்டினார். இரண்டும் ஒரே மூச்சில் வண்டியை ஓரத்துக்கு இழுத்துவிட்டன. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், பெருமாளுக்கா மாட்டுக்கா என்று ஆதிகேசவனுக்குத் தெரியவில்லை. அத்தோடு விட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பான். ராஜகோபால் பட்டுக்கரை அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி சொன்னார்.

"தம்பி, ராவுக்கு மாட்டுக்குப் புல்லு போடறப்போ உன் வண்டிக்கும் சேத்து ரெண்டு புடி போட்டுர்றேன்பா."

மறுநாள் காலையில் பானெட்டில் முதல் பிடி புல் இருந்தது.

ஆதிகேசவன் ஒரு சபதம் செய்தான். மீசையை எடுக்கிறேன், செருப்பு போடமாட்டேன் என்பது போன்ற சபதங்கள் அவனுக்குச் சரிப்படாது. மீசை ஏற்கெனவே சுமார். செருப்பு இல்லாவிட்டால் வெயில் சுடும். அதனால் யாருக்கும் கஷ்டமில்லாத ஒரு சபதமாகப் பார்த்து எடுத்தான். ராஜகோபாலின் மாட்டு வண்டி ஒருநாள் ஏரி வண்டலில் சிக்கும். அன்று தன் டாட்ஜ் அதை இழுக்கும். இழுத்து வெளியே போட்டதோடு விடாமல் காந்தி ரோடு வரைக்கும் மேளத்தோடு இழுத்துக்கொண்டு போகும். அதற்கு முதல் தேவை, உயிர் போனாலும் வழுக்காத ஒரு கிளட்ச்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் சிட்டிபாபு பட்டறை வைத்திருந்தான். கிளட்ச் வாங்கப் போனபோது மனைவி ரேணுகாம்பாளும் கூட வந்தாள். புருஷனின் கோபம் கடை ஏறினால் கோபத்தின் விலைக்கே சாமான் வாங்கும் என்று அவளுக்கு அனுபவம். சிட்டிபாபு மூன்று கிளட்ச் பிளேட்டுகளைச் சாக்கின்மேல் பரப்பினான். ஒன்று, பழைய பிளேட்டில் புது லைனிங் வைத்து ரிவெட் அடித்தது. மேலே பித்தளைக் கம்பி பளபளவென்று ஓடியது. இரண்டாவது, வேறேதோ லாரிக்கு வந்ததைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவந்தது. மழமழவென்று கறுப்பாக இருந்தது. மூன்றாவது ராணுவ மிச்சம், மெழுகுக் காகிதத்தில் சுற்றியபடியே இருந்தது. அழுக்குச் சாக்கு நிறம்.

ஆதிகேசவனின் கண் பளபளப்பில் நின்றது. ரேணுகாம்பாள் குனிந்தாள். பிறந்த வீட்டில் இருந்தபோது பக்கத்துத் தறி வீட்டுக்குத் தார்க்குழலில் நூல் சுற்றிக் கொடுத்தவள் அவள். ஒரு நெசவைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்பமாட்டாள். புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி, முதல் பிளேட்டின் ஓரத்தைக் கிளறினாள். பித்தளை மேலோடு வந்துவிட்டது. அடியில் வெறும் தூள். இரண்டாவதை நகத்தால் தட்டிவிட்டு, இது அப்பளம் என்றாள். மூன்றாவதில் ஊக்கு இறங்கவே இல்லை. வளைந்தது ஊக்குதான்.

"இதுலதான் பாவும் ஊடையும் இருக்குது," என்றாள். "கம்பிய நூலோட முறுக்கி நெய்ஞ்சிருக்கான். மேல மினுக்கறதுக்கு ஒண்ணும் வெக்கல, உள்ள வெச்சிருக்கான்."

சிட்டிபாபு அவளைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு நியாயமாக ஓர் எச்சரிக்கையும் செய்தான். இதற்குச் சேர்ந்த பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் ராணுவக்காரன் காலுக்குச் செய்தது. பெடலை மிதிப்பது பாறையை மிதிக்கிற மாதிரி இருக்கும். "கால் ஒழிஞ்சுபூடும் அண்ணா. ஆனா பிடிச்சா விடாது."

பிடித்தால் விடாது என்ற சொல் ஆதிகேசவனுக்குத் தேனாக இனித்தது. தன்னைப் போலவே ஒரு சாமான் உலகத்தில் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டான்.

கிளட்ச் மாட்டியாயிற்று. பத்தடி நீளத்துக்கு இரும்புச் சங்கிலி ஒன்று வாங்கி சீட்டுக்கடியில் வைத்தான். பம்பை அடிக்கும் முனுசாமியிடம் சொல்லி வைத்தான்: நான் ஹாரனை மூன்று தடவை அடித்தால் பம்பையோடு ஓடிவா, காரணம் கேட்காதே. முனுசாமி காரணம் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த காரணம்.

பிறகு காத்திருந்தான். ஆனி, ஆடி, ஆவணி. இடது முழங்கால் வீங்கிப் பலாக்காய் அளவுக்கு வந்தது. சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றிப் போய் வந்தால் ராத்திரி ரேணுகாம்பாள் நொச்சி இலை ஒத்தடம் கொடுக்க வேண்டியிருந்தது. பழி எதிராளியின் காலில் வீங்காமல் தன் காலில் வீங்குகிறதே என்று சில நாள் யோசித்தான். ராஜகோபாலின் வண்டி சிக்கவே இல்லை. அந்த மனிதர் சேற்றைப் பார்த்தால் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாட்டுக்கு முன்னால் தாமே நடந்து ஆழம் பார்ப்பார். இப்படிப்பட்ட ஜாக்கிரதைக்காரரை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படிப் பழி வாங்குவது? புல் மட்டும் தவறாமல் வந்தது.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை ராஜகோபால் வாசலில் வந்து நின்றார். மேல்துண்டு இல்லை. ராத்திரி மழையில் செவலை கட்டவிழ்த்துக்கொண்டு போய், ஈரக் காராமணிக் கொடியை மேய்ந்துவிட்டதாம். வயிறு உப்பி, நாக்குத் தள்ளி நிற்கிறதாம். காஞ்சிபுரம் மாட்டாஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப் போனால் வழியிலேயே விழுந்துவிடும்.

"தம்பி, வண்டிய எடுப்பா," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆதிகேசவன் ஐந்து மாதம் காத்திருந்தது இதற்குத்தான், ஆனால் இப்படி இல்லை. இழுக்க வண்டி இல்லை, சேறு இல்லை. அவனை இழுத்த அதே மாடு அவன் வண்டியில் ஏறப்போகிறது. அதில் ஒரு வசதி இருப்பதாக அவனுக்குப் பட்டது. சாவியை எடுத்தான்.

எருமேட்டை ஒட்டி டாட்ஜைப் பின்னால் விட்டு, நான்கு பேர் சேர்ந்து செவலையை ஏற்றினார்கள். ஏறியதும் அது மடங்கிப் படுத்தது. ராஜகோபால் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏரிக்கரை ஏற்றத்தில் பாதி ஏறும்போது ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு மாடு, ஒரு அண்ணன், ஈர மண், செங்குத்து. வீங்கிய காலால் பெடலை மிதித்து, கியரைப் போட்டு, மெல்ல மெல்ல விட்டான். இஞ்சின் முனகியது. வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை. பிளேட் பிடித்தது, வண்டி ஏறியது.

அந்தக் கணத்தில்தான் அவனுக்கு அந்த வாசகம் கிடைத்தது. ஐந்து மாதம் தேடியும் அகப்படாத வாசகம். புல்லுக்குச் சரியான பதில்: மாட்டுக்குப் பெட்ரோல் ஊத்தட்டுமாண்ணே? அவ்வளவுதான். அதை காந்தி ரோட்டில், அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, தெருவே கேட்கச் சொல்ல வேண்டும். கரை ஏறியதைப் பார்த்திருப்பாரா என்று கண்ணாடியில் பார்த்தான். ராஜகோபால் எதையும் பார்க்கவில்லை. மாட்டின் வாய் நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தது, கிளம்பும்போது கைக்கு அகப்பட்டதென்று அள்ளி வந்த அந்தப் பட்டுக்கரை அங்கவஸ்திரத்தால்.

மந்தையை விலக்க அடித்த ஹாரன் மூன்று தடவையாகிவிட்டது போலிருக்கிறது. முனுசாமி பம்பையை மாட்டிக்கொண்டு கரைமேல் ஓடிவந்தான். ஆதிகேசவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போ போ என்று விரட்டினான். முனுசாமி பம்பையோடு நின்று, பின்னால் கிடந்த மாட்டின் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

காஞ்சிபுரத்துக்குள் நுழைந்ததும் இரண்டு வழி. காந்தி ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் கால் மணி அதிகம். ஆதிகேசவன் கண்ணாடியை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு தன்னைத் தானே திட்டிக்கொண்டு குறுக்குச் சந்தில் திருப்பினான். உனக்கெல்லாம் எதுக்குடா சபதம், போய் நொச்சி இலை அரை. இருந்தாலும் வாசகத்தை விட்டுவிடவில்லை. செவலை எழுந்து நிற்கட்டும். பழியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். செத்த மாட்டின்மேல் சொன்னால் நல்ல வாசகம் வீணாகிவிடும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கைலாசம் மாட்டின் இடது விலாவை விரலால் சுண்டினார். பம்பை போலவே சத்தம் வந்தது. அவர் ஒரு சீசாவிலிருந்தும் ஒரு டின்னிலிருந்தும் எண்ணெயைக் கலந்தார். கற்பூரத்தைப் பெட்ரோலில் கரைத்தது போல வாசனை மூக்கைத் துளைத்தது. மூங்கில் குழாயில் ஊற்றி மாட்டின் தொண்டையில் சாய்த்தார். முன்கால்களை மேட்டில் நிறுத்தி, விலாவைத் தேய்க்கச் சொன்னார். ராஜகோபால் ஒரு பக்கம் தேய்த்தார், ஆதிகேசவன் மறுபக்கம். பழி வாங்க வந்தவன் முழங்கை வரைக்கும் மாட்டு வியர்வையோடு தேய்த்துக்கொண்டிருந்தான். அரை மணி கழித்து செவலை ஓர் ஏப்பம் விட்டது. அப்படியொரு ஏப்பத்தை எந்தக் கல்யாணப் பந்தியிலும் அவன் கேட்டதில்லை. அப்புறம் இன்னொன்று. சுற்றி நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். மாடு தானாக நிமிர்ந்து நின்றது.

இதுதான் நேரம். பத்துப் பேர் போதும். ஆதிகேசவன் கையைத் துடைத்துக்கொண்டான், தொண்டையைச் செருமினான்.

"இன்னாண்ணே, மாட்டுக்குப் பெட்ரோல் ஊத்தட்டுமா?"

ராஜகோபால் திரும்பிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. கிண்டல் அவருக்கு எட்டவே இல்லை.

"ஊத்தியாச்சேபா, இப்பதானே டாக்டரு ஊத்தினாரு," என்றார். "நாளைக்குக் காலைல இன்னொரு வேளை ஊத்தணுமாம். நீ வந்து வாயப் புடிச்சுக்கோ. உன் கை பட்டா அது திமிறல."

ஐந்து மாத வாசகம் மாட்டாஸ்பத்திரித் தரையில் சாணியோடு கிடந்தது. ஆதிகேசவன், சரிண்ணே, வர்றேன் என்றான். அதைச் சொன்னது தன் வாய்தானா என்று வீடு வரைக்கும் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் காலையில் பானெட்டில் வழக்கம்போல ஒரு பிடி புல், நன்றாக அலசியது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, இடது காலை இழுத்தபடி, ராஜகோபாலின் மாட்டுக் கொட்டகைக்குப் போனான். செவலைக்கு மூன்று நாளைக்குப் பச்சை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதன் வாயைப் பிடித்து எண்ணெய் ஊற்றியான பிறகு, புல்லை மயிலைக்குப் போட்டான். மயிலையும் அன்றைக்கு இழுத்ததுதான். அந்தக் கணக்கு தனி.

திரும்பி வரும்போது ஏரிக்கரையில் நின்று பார்த்தான். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இந்த வருஷம் வண்டல் இடுப்பளவு இருக்கும். சங்கிலி சீட்டுக்கடியில்தான் இருந்தது. போனதும் துரு பிடிக்காமல் அதற்குக் கொஞ்சம் எண்ணெய் போட வேண்டும்.