நான்கு விரல் திறந்த கதவுகள்

1959ஆம் ஆண்டு பங்குனியில், நிலக்கடலை விலை இறங்கிய அதே வாரம், வெண்ணந்தூரில் அறுபத்திரண்டு வீடுகளின் வாசற்கதவுகள் சாத்த முடியாமல் போயின. எல்லாக் கதவுகளும் நான்கு விரல் அகலம் திறந்தே நின்றன. தள்ளினால் அசையவில்லை. உள்ளிருந்து ஆட்டுக்கல்லை அண்டக் கொடுத்தார்கள், கல்தான் நகர்ந்தது. தச்சர் கதவைக் கழற்றி, இழைத்து, மறுபடி மாட்டினார். அது மறுபடியும் நான்கு விரலில் நின்றது. மூன்றாம் நாள் காரணம் தெரிந்துவிட்டது. சாத்தாத வீடு ஒவ்வொன்றிலும் ஒருவராவது அர்த்தநாரியின் டூரிங் கொட்டகைக்குப் போய், டைரக்டர் திருமேனியின் புதுப்படத்து டிரெயிலரைப் பார்த்திருந்தார்.

திருமேனி பெயரை எடுத்தாலே ஊர் இரண்டாகிவிடும். அவருடைய முந்தைய படத்தில் கதாநாயகி கடைசிக் காட்சியில் புருஷனை விட்டுவிட்டு ரயில் ஏறினாள். ஆண்கள் பக்கத்திலிருந்து திரைமேல் மணலை வாரி இறைத்தார்கள். பெண்கள் பக்கத்தில், கடைசி ரீலை இன்னொரு தரம் ஓட்டச் சொல்லி எழுந்திருக்க மறுத்தார்கள். புது டிரெயிலர் ஒன்றரை நிமிடம். பாட்டில்லை, வசனமில்லை. ஒரு தேக்குக் கதவு, உள்ளிருந்து யாரோ தாழ்ப்பாளை நீக்கும் சத்தம், கதவு நான்கு விரல் திறக்கும், உள்ளே இருட்டு. பிறகு ‘விரைவில்’ என்று எழுத்து வரும். உள்ளே ஒரு பெண் நிற்கிறாள் என்று பெண்கள் சொன்னார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை, ஆள் ஊரை ஏய்க்கிறான் என்று ஆண்கள் சொன்னார்கள். ஆனாலும் இரண்டு தரப்பும் மறுநாளும் போய்ப் பார்த்தது.

திறந்த கதவு பல விஷயங்களைச் சொல்லிவிட்டது. திருமேனி படத்தை இனி மிதிப்பதில்லை என்று சந்தையில் சபதம் போட்டவர் அப்புசாமி. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவதாகத்தான் மனைவி ராமாயியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாதா கோயிலில் கிறிஸ்தவக் குடும்பங்களை எழுப்பி நிறுத்தி, திருமேனி படம் பார்ப்பதில்லை என்று வலது கையை உயர்த்தி வாக்குக் கொடுக்க வைத்தவர் உபதேசியார் செபஸ்தியான். அவர் கதவும் நான்கு விரல் திறந்து நின்றது. மழை ஈரத்தில் மரம் ஊதிவிட்டது என்றார். அந்த ஊரில் மழை பெய்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இரும்புச் சங்கிலிகள் வேகமாக விற்றன. கையைத் தடுக்கச் சங்கிலி போதும். கண்ணைத் தடுக்க வழியில்லை. தெருவில் நடக்கிறவர்கள் முதல் வாரம் தரையைப் பார்த்து நடந்தார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து அப்படி நடக்கவில்லை.

அப்போதுதான், கீழத்தெருவில் ஒரே ஒரு கதவு மட்டும் ஒழுங்காகச் சாத்துகிறது என்பது கவனத்துக்கு வந்தது. அது செல்வமேரியின் கதவு. கொட்டகையில் பெண்கள் பக்கத்து டிக்கெட் கொடுப்பவள் அவள். சேலத்தைச் சேர்ந்தவள். கணவன் தோமினிக் இறந்தபின் பதின்மூன்று வயது மகள் இன்னாசிமேரியோடு, அர்த்தநாரி ஒதுக்கிக் கொடுத்த ஓட்டு வீட்டில் குடியிருந்தாள். அந்தக் கதவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாள் வைத்திருந்தாள். தினமும் இரண்டையும் போட்டபின் ஒரு முறை இழுத்துப் பார்ப்பாள். ஆண் துணையில்லாத வீட்டுக்கு அதுதான் காவல். டிக்கெட் அறையை விட்டு நகரக்கூடாது என்பதால், கொட்டகையில் இருந்தும் அவள் டிரெயிலரைப் பார்த்ததில்லை. சொன்னால் யாரும் நம்பவில்லை. டைரக்டருக்கு ஊர் விஷயங்களை எழுதிப் போடுவது அவள்தான் என்று பேச்சு கிளம்பியது. வேதக்காரர்கள் பாவசங்கீர்த்தனம் என்று சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்களாம். சாமியார்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவனாம் திருமேனி. அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, முதல் ஆட்டத்துக்கு மணி அடிக்குமுன், ராமாயி பத்துப் பெண்களோடு டிக்கெட் சன்னலுக்கு வந்தாள்.

“ஏனம்மிணி, ஊரு பூராக் கதவு தொறந்து கெடக்குது. உன்ற ஊடு மட்டும் எப்படிச் சாத்துது?”

“நான் பாக்கலீங்க. இந்தச் சன்னல்லயே உக்காந்திருந்தனுங்க.”

“கொட்டாயிலயே இருக்கறவ பாக்கலியாமா! மாரியம்மன் கோயல்ல சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு, போதும்.”

“எங்க வேதத்துல சூடம் அணைக்கக் கூடாதுங்க. பைபிள்மேல கை வைக்கறன்.”

“அது உங்க சாமி. உங்களுக்குத்தான் விட்டுக் குடுக்கும்.”

அர்த்தநாரி இரண்டு பக்கமும் பார்த்தார். பெண்கள் வராவிட்டால் கொட்டகை இல்லை. வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று பீடியை அணைத்தார். வேறு ஆள் என்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். செல்வமேரிக்குப் போக இடமில்லை.

“நானும் பாக்கறனுங்க. என்ற கதவு நின்னுடுச்சுன்னா நம்புவீங்களா?” என்றாள்.

இடைவேளை முடிந்ததும் அவளை முன்வரிசை மணலில் உட்கார வைத்தார்கள். யாரும் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடவில்லை. திரையில் வந்த கதவின் கீல் இடது பக்கம் இருந்தது. அவள் வீட்டுக் கதவுக்கும் இடது பக்கம்தான். தாழ்ப்பாள் நீங்கும் சத்தம் இரண்டு முறை கேட்டது; மேலே ஒன்று, கீழே ஒன்று. கதவு திறந்தது. உள்ளே நின்றவர் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. அவளைப் போலவே பயந்துபோய் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

படம் முடியும்வரை யாரும் காத்திருக்கவில்லை. எல்லோரும் அவளோடு கீழத்தெருவுக்கு நடந்தார்கள். கதவு திறந்து நின்றது. உள்ளே சிம்னி விளக்கருகில் பாடப் புத்தகத்தோடு இருந்த இன்னாசிமேரி, “தாழ்ப்பாள் தானா விலகிடுச்சும்மா” என்றாள். ராமாயி இடைவெளியில் நான்கு விரலையும் நுழைத்துப் பார்த்தாள்.

“செரியா இருக்குது” என்றாள். “நாளைக்கு டிக்கெட் குடுக்க வந்துரு, சாமி.”

முதல் மாதம் செல்வமேரி தலைமாட்டில் அரிவாள்மணையை வைத்துக்கொண்டு படுத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். அவள் வீட்டெதிரே எந்த ஆணாவது இரண்டு நிமிடம் நின்றால், எதிர்வீட்டு இடைவெளியில் ஒரு இருமல் கேட்டது. அடுத்த வீட்டில் இன்னொன்று. சந்தேகம் பிடித்த அந்த ஊரில் அறுபத்து மூன்று கதவுகளுக்குப் பின்னால் யாராவது விழித்திருந்தார்கள்.

டிரெயிலர்ப் பெட்டி சேலத்துக்குத் திரும்பிப் போனது. படம் வரவே இல்லை. திருமேனி அதை எடுக்கவே இல்லை என்று பாதிப் பேரும், எடுத்து ஒளித்துவைத்திருக்கிறார் என்று மீதிப் பேரும் சொன்னார்கள். புதிதாகக் கட்டுகிறவர்களும் கதவை நான்கு விரல் குறைத்தே செய்யச் சொன்னார்கள். வித்தியாசமாகத் தெரிய யாருக்கும் விருப்பமில்லை.

1966இல் ஆட்டையாம்பட்டியிலிருந்து இன்னாசிமேரியைப் பெண் பார்க்க வந்தார்கள். புழுதிக் காற்று அடித்ததால் மாப்பிள்ளையின் தாய் எழுந்து கதவைச் சாத்தப் போனாள். அது வரவில்லை. முகம் மாறியது.

காபித் தட்டோடு வந்த ராமாயி கேட்டாள்: “ஏனுங்க, உங்கூர்ல கதவெ முழுசாவா சாத்திக்குவீங்க?”

“ஆமாங்க.”

ராமாயி தட்டைக் கீழே வைத்துவிட்டுச் செல்வமேரியின் காதருகே குனிந்தாள்.

“எதுக்கும் நல்லா விசாரிச்சுக்க, அம்மிணி.”

செல்வமேரி மறுநாளே ஆட்டையாம்பட்டிக்கு ஆள் அனுப்பினாள்.