நாத்தனாரின் கேரமல் தேயிலை

நாத்தனார் கோப்பையை வைத்த விதத்திலேயே சண்டை இருந்தது. சுவை பார்ப்பவரின் வலதுகைப் பக்கம் வைப்பதுதான் அந்த அறையின் வழக்கம். இவள் மேசையின் நடுவில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

மாமனாரின் தேயிலைக் கம்பெனியில் தேயிலையை ருசி பார்த்துத் தேறவைக்கும் இந்த அறை மருமகளின் ராஜ்ஜியம். அவள் வாயில் பட்டு, அவள் தலையசைக்காமல் எந்தத் தூளும் பாக்கெட்டுக்குள் போகாது. புருஷன் வீட்டில் அவள் பேச்சு எடுபட்ட ஒரே இடமும் இதுதான். சாப்பாட்டு மேசையில் அவள் எதை ஆரம்பித்தாலும் பாதியில் வெட்டிவிடுகிற நாத்தனார், இங்கே மட்டும் வாசலோடு நின்றுவிடுவாள். இன்று உள்ளேயே வந்துவிட்டாள். கேரமல் புட்டிங் வாசனையில் பால் இல்லாத தேநீர் ஒன்றை அவளே உருவாக்கியிருந்தாள். அது தேறினால் வாசனைத் தேயிலை முழுக்க அவள் பொறுப்பு, இதே அறையில் அவளுக்கும் ஒரு மேசை என்று மாமனார் வாக்குக் கொடுத்திருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் கரண்டியில் மொண்டு சத்தமாக உறிஞ்சினாள். கருகுவதற்கு ஒரு கணம் முன்னால் இறக்கிய சர்க்கரை முதலில் வந்தது. பின்னால், துளிப் பாலும் இல்லாமலே, ஏடு படிந்தாற்போல் ஒரு வழுவழுப்பு. கடைசியில் தேயிலையின் துவர்ப்பு வந்து இனிப்பைத் துடைத்துவிட்டுப் போனது; வெனிலா மட்டும் நாக்கில் கொஞ்சம் தங்கியது. நன்றாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. யாரையும் பேசி முடிக்க விடாதவள், இந்தப் பதம் வரும்வரை எப்படிப் பொறுமையாகக் காத்திருந்தாள்?

சுவை பார்ப்பவர்களின் வழக்கப்படி வாயிலிருந்ததைத் தொட்டியில் துப்பினாள்.

"தூள் பழசு. அத மறைக்கத்தான் இவ்வளவு சென்ட்டு."

இந்தத் தொழிலில் யாரும் சட்டென்று நம்பிவிடுகிற பழி அது. சரக்கு பழசானால் வாசனை ஏற்றித் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. மாமனாரின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் மருமகளுக்கு உள்ளம் குளிர்ந்தது.

நாத்தனார் குரலை உயர்த்தவில்லை. "தூள் உங்களோடதுதான் அண்ணி. போன வாரம் பிரமாதம்னு நீங்களே பாஸ் பண்ண மூட்டை."

மாமனார் எழுந்து வந்து கோப்பையை முகர்ந்தார். மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"கோளாறு நாக்குலயா, மனசுலயாம்மா?"

நாக்கில் என்றால் இந்த அறை போய்விடும். மனசில் என்றால் இத்தனை காலம் சிரித்துச் சிரித்து மூடிவைத்தது வெளியே வந்துவிடும். ஜலதோஷம் என்று சமாளிக்கலாம். ஆனால் மூக்கடைப்போடு யாரும் இங்கே நுழையக்கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தான்.

"நாக்கு நல்லாத்தான் இருக்கு மாமா. உங்க பொண்ணத்தான் எனக்குப் பிடிக்கல."

அவமானம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை, பசிதான் எடுத்தது.

"எனக்கும் உங்களக் கண்டா ஆகாது," என்றாள் நாத்தனார், ஏதோ வெயிலைப் பற்றிச் சொல்வதுபோல. "அத விடுங்க. டீ எப்படி?"

நாக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது. இனி அதை நிரூபித்தாக வேண்டும். மருமகள் மறுபடி ஒரு கரண்டி உறிஞ்சித் துப்பினாள்.

"சர்க்கரைப் பதம் சரியா வந்திருக்கு. வெனிலாதான் கூடிப்போச்சு. கடைசில நாக்குல ஒட்டுது."

நாத்தனார் நன்றி சொல்லவில்லை. கோப்பையிலிருந்ததைக் கொட்டினாள், தராசில் புதுத் தூளை நிறுத்தாள், வெனிலாவைக் குறைத்துக் கலக்கத் தொடங்கினாள். கிடங்கிலிருந்து இன்னொரு மேசையைக் கொண்டுவரச் சொல்லிக்கொண்டே மாமனார் வெளியே போனார்.

மருமகள் கரண்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த கோப்பை இதைவிட நன்றாக இருக்கும். அதையும் அவள் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கும்.