கேட்டுவிட்டுத் தொடவும்

டாக்சி ஸ்டாண்டில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும்தான் இருந்தது. மனுஷன் எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போலத்தான் இருப்பார். பயணி கையைத் தூக்குவதற்குள் வண்டி பக்கத்தில் வந்து நிற்கும். பெட்டியைக் கீழே வைக்கக் குனிவதற்குள் அது டிக்கிக்குள் போயிருக்கும். தங்கமான ஆள், குறை சொல்ல முடியாது. அந்தத் தங்கமான ஆளின் லைசென்ஸுக்குத்தான் ஆபத்து வந்தது.

லைசென்ஸ் அலுவலகம் புதிதாக ஒரு நிபந்தனை போட்டது. வீல்சேர் ஏற்றும் வண்டி வைத்திருக்கிற ஓட்டுநர்கள் எல்லோரும் செய்முறைத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். வீல்சேரில் இருப்பவரை வண்டியில் ஏற்றி, பட்டை கட்டி, பத்திரமாக இறக்கிக் காட்ட வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் கோட்டை விட்டால் ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் கிடையாது.

ஸ்டாண்டே புலம்பியபோது அவசரம் மட்டும் மீசையை முறுக்கினார். காரணம் இருந்தது. முதுகில் செய்த ஓர் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் மனைவிக்கு வீல்சேர்தான் கால். வருஷக்கணக்காக அவளை ஏற்றி இறக்குவது அவர்தான். பின்பக்கம் சரிவுப் பலகை வைத்த அந்த வண்டியையே அவளுக்காகத்தான் வாங்கினார்.

"எனக்கே பரீட்சையா? நான் வேணா அவங்களுக்கு வைக்கிறேன்" என்றார்.

"பாத்து மாமா, ஃபெயிலாகி வந்து நிக்காதீங்க" என்றான் மச்சினன். மனைவியின் தம்பி, அதே ஸ்டாண்டில் ஓட்டுகிறவன். கொஞ்சம் வாய் நீளம்.

அலுவலகத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகையில் தேர்வு நடந்தது. தேர்வாளர் ஓர் அம்மா. அவரே பயணியாக வீல்சேரில் உட்கார்ந்திருந்தார். அவசரம் பலகையை இறக்கினார், பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தார், ஒரே மூச்சில் உள்ளே ஏற்றினார். தரையில் இருந்த கொக்கிகளில் பட்டைகளை மாட்டி, இறுக்கி, இழுத்துப் பார்த்தார். நாற்காலி இம்மியும் ஆடவில்லை. கையைத் தட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"ஃபெயில்" என்றார் அந்த அம்மா.

"எதுலங்க? பட்டை லூசா இருக்கா?"

"பட்டை கல்லு மாதிரி இருக்கு. ஆனா என்னை ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க. 'கேட்டுவிட்டுத் தொடவும்', உங்களுக்குக் குடுத்த தாள்ல முதல் நிபந்தனையே அதுதானே?"

சொல்லிவிட்டுத் தானே பட்டைகளை அவிழ்த்து, எழுந்து, ஜம்மென்று நடந்து இறங்கிப் போனார். அவசரத்துக்கு அதுதான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து குமுறித் தள்ளினார்.

"ரெண்டு காலும் நல்லா இருக்கிற அம்மா எனக்கு வீல்சேர் சொல்லித்தருது! நீயே சொல்லு, உன்னை என்னைக்காவது கீழ விட்டிருக்கேனா?"

"இல்ல" என்றாள் மனைவி.

"உன்கிட்ட என்னைக்காவது கேட்டுட்டா தள்ளியிருக்கேன்?"

"அதுவும் இல்ல." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "அந்தம்மா சரியாத்தாங்க சொல்லியிருக்காங்க."

அவசரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பக்கத்து வீட்டம்மாகிட்ட பேசிட்டு இருப்பேன். பாதிப் பேச்சுல அவங்க மூஞ்சி தள்ளிப் போகும். என்னடான்னு திரும்பிப் பாத்தா, பின்னாடி நீங்க. ஜன்னல்ல மழையைப் பாத்துட்டு இருப்பேன். கண்ணை மூடித் திறந்தா சமையக்கட்டுல இருப்பேன். பீரோவை நகத்துற மாதிரிதாங்க."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு பாசமா தள்ளுவீங்க. எப்படிச் சொல்றது?"

அது சுருக்கென்று தைத்தது. ஆனால் மனசில் தைத்தது கை வரைக்கும் போய்ச் சேரவில்லை. இரண்டாவது தேர்வில், "அம்மா, தள்ளட்டுமாங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். "வேண்டாம், நானே ஏறிக்கிறேன்" என்று அந்த அம்மா பதில் சொன்னபோது அவர் நாற்காலியோடு ஏற்கெனவே வண்டிக்குள் இருந்தார். அவசரத்தின் கை, வாயைவிட வேகமாக வேலையை முடித்திருந்தது. கேட்டால் போதுமா, பதில் வரும்வரை நிற்க வேண்டாமா? மறுபடியும் ஃபெயில்.

ஸ்டாண்டில் மானம் கப்பலேறியது. இதில் மச்சினன் முதல் தடவையே தேறிவிட்டான். "எனக்கு வீல்சேர்னாலே பயம் மாமா. எதைத் தொட்டாலும் பயந்து பயந்து அந்தம்மாவையே கேட்டேன். பாஸ் போட்டுட்டாங்க" என்று வேறு சொல்லி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டான்.

இனி ஒரே ஒரு வாய்ப்பு. ஸ்டியரிங்கைப் பிடிப்பதைத் தவிர அவசரத்துக்கு வேறு எதுவும் தெரியாது. வீட்டில் உட்காரவைத்தால் ஒரே வாரத்தில் சுவரைச் சுரண்ட ஆரம்பித்துவிடுவார். சோறு இறங்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் மனைவி சொன்னாள்: "நான் சொல்லித்தர்றேன். இனிமே இந்த வீட்டுல நான்தான் அந்தம்மா."

மறுநாள் இரண்டு டம்ளரில் டீயைத் தளும்பத் தளும்ப ஊற்றி அவருடைய இரண்டு கையிலும் கொடுத்தாள். "சிந்தாம என் பின்னாடி வாங்க. உதவி வேணும்னா நான் கூப்பிடுறேன்."

அந்த வீடு அன்றைக்குப் பார்த்ததைப் போல ஓர் ஊர்வலத்தை எப்போதும் பார்த்ததில்லை. முன்னால் அவள், பின்னால் டீயோடு அவர். கட்டிலைச் சுற்றி, மேஜையைச் சுற்றி, கொல்லைக் கதவு வரை. "தள்ளட்டுமா?" என்பார். "வேண்டாம்" என்பாள். கதவுப்படியில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. அவருக்கு உடம்பெல்லாம் பதறியது.

"தள்ளட்டுமாம்மா?"

"வேண்டாங்க."

அவள் கொஞ்சம் பின்வாங்கினாள். பல்லைக் கடித்து, தோளைக் கொடுத்து ஓர் எம்பு எம்பினாள். சக்கரம் படியைத் தாண்டிக் கொல்லையில் போய் அவர் பக்கம் திரும்பி நின்றது. வெயில் அவள் முகத்தில் விழுந்தது. அந்த முகத்தை அவர் வருஷக்கணக்காகப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார், எப்போதும் முதுகுப் பக்கம்தானே நின்றார்? இவளுக்கு இவ்வளவு பலம் இருப்பது தெரியாமலே குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, துடைக்கக் கை காலியாக இல்லை.

"டீயைச் சிந்திட்டீங்க. ஃபெயில்" என்றாள் அவள், டம்ளரைப் பார்த்து.

கடைசித் தேர்வு நாளில் அவசரம் பலகையை இறக்கிவிட்டு, வீல்சேருக்கு முன்னால் வந்து நின்றார். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தள்ளட்டுமாங்க?"

"வேண்டாம். நானே ஏறிக்கிறேன்."

"சரிங்க."

அந்த அம்மா ஏறினார். பாதிப் பலகையில் வேண்டுமென்றே கையைத் தளர்த்தினார். சக்கரம் பின்னோக்கி நகர்ந்தது. அவசரத்தின் பத்து விரலும் துடித்தன. ஒரே எட்டில் பின்னால் போய் நின்றார். ஆனால் தொடவில்லை.

"பின்னாடி இருக்கேங்க. சும்மா நிக்கட்டுமா, தள்ளட்டுமா?"

அந்த அம்மா சக்கரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, பதில் சொல்லாமல் இழுத்தடித்தார். அவசரம் காத்திருந்தார். வாழ்க்கையிலேயே முதல் முறையாக நிஜமாகக் காத்திருந்தார்.

"இப்பத் தள்ளலாம்" என்றார் அந்த அம்மா.

தள்ளினார். பட்டைகளைக் கட்டினார். "பெல்ட்டை நீங்களே போட்டுக்கிறீங்களா, நான் போடட்டுமா?" என்று அதையும் கேட்டார். இறங்கும்போதும் கேட்டார். எல்லாம் முடிந்ததும் அந்த அம்மா எழுந்து வந்து, கையை நீட்டினார்.

"பாஸ். யாரு சொல்லிக்குடுத்தது?"

"வீட்டுல" என்றார் அவசரம்.

வெளியே வந்தால் எதிர்ச்சாரி முழுக்க டாக்சி. ஸ்டாண்டே திரண்டு வந்திருந்தது. அவர் கட்டை விரலைத் தூக்கியதுதான் தாமதம், அத்தனை வண்டியும் ஹாரன் அடித்துத் தெருவைத் தூக்கி நிறுத்தின. மச்சினனின் வண்டியிலிருந்து அவசரத்தின் மனைவி இறங்கிக்கொண்டிருந்தாள். "உங்களைவிட நல்லா ஏத்தினேன் மாமா, அக்காவையே கேளுங்க" என்று கத்தினான் அவன். இன்றைக்கு அவனை மன்னித்துவிடலாம்.

அவசரம் தன் வண்டியின் பலகையை இறக்கினார். கையைப் பின்னால் கட்டினார்.

"தள்ளட்டுமா?"

"வேண்டாம்."

ஸ்டாண்டே பார்த்துக்கொண்டிருக்க அவள் ஏறினாள். நடுவில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள். யாரும் கிட்டே போகவில்லை. பிறகு ஒரே மூச்சில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எழுந்த கைதட்டலில் ஹாரன் சத்தம்கூட அமுங்கிப் போனது.

அவளைக் கேட்டுவிட்டுப் பட்டையைக் கட்டி, அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பினார். கை தன் பழக்கத்தில் வீட்டுப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பியது. உடனே நிறுத்தினார். ஆஸ்பத்திரிக்கும் உறவுக்காரர் வீட்டுக்கும் அவளை எத்தனையோ முறை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஏறுகிற ஒவ்வொரு பயணியிடமும் முதலில் கேட்கிற கேள்வியை அவளிடம் மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார்.

"எங்கம்மா போகணும்?"

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நேராப் போங்க டிரைவர்" என்றாள். "திரும்ப வேண்டிய எடத்தை நான் சொல்றேன்."