சாக்கால் தேய்ங்க, மச்சான்

கடலுக்கு ஒரு ராத்திரி பஸ் தூரத்தில், ஓசூரில் உட்கார்ந்துகொண்டு, படகின் அடிவயிற்றுக்குப் பெயிண்ட் செய்கிற ஆள் நான். கம்பெனித் தொட்டியில் உப்பு கலந்த தண்ணீரை மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் எங்கள் கடல்.

வழக்கமான படகுப் பெயிண்டில் செம்பு உண்டு. அது கரைந்து துறைமுகச் சேற்றில் இறங்கி நண்டுக்குஞ்சைக் கொல்கிறது. எங்களுடையதில் செம்பில்லை, வெறும் வழுக்கல். கொட்டலசுச் சிப்பி ஒட்டினாலும் படகு ஓடினால் உதிர்ந்துவிடும். தொண்டியில் என் மச்சான் ரத்தினவேல் படகுக்கு அதைத்தான் அடிக்க வைத்தேன். அக்கா இருளாயி எனக்காக மல்லுக்கு நின்றதால் ஒத்துக்கொண்டார்.

அடித்த மறுவாரமே மீன்பிடித் தடைக்காலம். படகு இரண்டு மாதம் தண்ணீரில் அசையாமல் நின்றது. எங்கள் தொட்டிக்குத் தடைக்காலம் கிடையாது; நின்ற தண்ணீரில் சோதித்ததே இல்லை. மூளைக்கு மட்டும் இருந்திருக்கிறது.

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் மச்சானின் வீடியோ கால்.

"மாப்ளே, படகைக் கரையேத்தியாச்சு, கண்ணைத் தொறந்து பாரு. ஒன் பெயிண்ட்ல கொட்டலசு குடும்பம் நடத்துது. சுரண்டிட்டுப் பழைய செம்பையே அடிக்கப் போறேன். ஒங்கக்கா மூஞ்சியத்தான் எல்லாரும் பாக்குறாங்க."

"இரும்புச் சுரண்டி வேணாம் மச்சான், கீறல் விழுந்தா அப்புறம்..."

சிக்னல் போய்விட்டது. உட்கார முடியவில்லை.

"குந்துங்கண்ணா, பஸ்ஸ நீங்களா தள்ளுறீங்க?" என்றான் பக்கத்து சீட் முனிராஜ். முகத்தைப் பார்த்ததும் எழுந்து டிரைவரிடம் போனான். "அண்ணா, ஸ்வல்ப நில்லிசி" என்று கன்னடத்தில் நிறுத்தச் சொன்னான்.

உத்தனப்பள்ளி தாண்டி பஸ் நின்றது. பஞ்ச் லேட்டாகும் என்று பின்சீட்டில் முனகல். மேட்டில் ஏறி நின்று போன் போட்டேன். அக்கா எடுத்தாள்.

"சுரண்டி என் கையிலதான் இருக்கு. குடுக்க மாட்டேன்னுட்டேன். என்ன செய்யணும், சீக்கிரம் சொல்லு."

"சாக்கை நனைச்சு, அழுத்தித் தேய்க்கச் சொல்லுக்கா."

சரசரவென்று சத்தம். நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மச்சான் குரல் வந்தது. "விழுதுடா. பெயிண்ட் கீறல."

"எல்லாமா மச்சான்?"

"ரெண்டு முழம் தேய்ச்சிருக்கேன், கை கழண்டு போச்சு. நாளன்னைக்குப் படகு எறங்கணும். அதுக்குள்ள மிச்சத்த நீ வந்து தேயி. இல்லேன்னா செம்புதான்."

டிரைவர் ஹார்ன் அடித்தார். முனிராஜ் ஜன்னலில் தலையை நீட்டினான். "ஏறலியாண்ணா?"

"எனக்கு லீவு சொல்லிடு. அந்த டப்பாவைத் தூக்கிப் போடு."

சாப்பாட்டு டப்பாவோடு சாலையைத் தாண்டி, எதிர்த்திசை பஸ்ஸுக்குக் கை நீட்டினேன்.