குத்தாத காது

"சாமி, எங்கம்மா வெச்ச வேண்டுதலைக் கேன்சல் பண்ணிக் குடுங்க."

பரிமளாவின் கையிலிருந்த துடைப்பம் நின்றுபோனது. எதை வேண்டுமானாலும் கேள், கொடுத்ததை மட்டும் திருப்பிக் கேட்காதே என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வளர்த்த மகள், கேட்டேவிட்டாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, பங்குச் சாமியாரின் பங்களா வராந்தாவில் நின்றுகொண்டு.

சுகுமார் சாமியார் அப்போதுதான் அங்கியைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டிருந்தார். காலையிலிருந்து இது இரண்டாவது பூசை, இன்னும் ஒரு கிளைக்கிராமம் பாக்கி. இட்லிப் பொட்டலத்தை அவிழ்த்த கை அப்படியே நின்றது. தாயும் மகளும் வேறு காரியத்துக்கு வருவதாகத்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஜூன் மாதம் கன்னியர் மடத்தில் சேரப்போகும் பெண்ணுக்குப் பங்குச் சாமியாரின் கடிதம் வேண்டும். லெட்டர் பேடும் சீலும் மேசைமேல் தயாராக இருந்தன.

"உக்காருங்க," என்றார். பிரபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பரிமளா தரையில் உட்கார்ந்தாள். அவளை மேலே உட்காரச் சொல்லிச் சொல்லி அவரும் ஓய்ந்துபோயிருந்தார்.

பிரபா பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது ஜன்னி கண்டது. புருஷன் சூளை வேலைக்குப் போயிருந்த சமயம். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி வராந்தாவில் தனியாக மண்டியிட்டு, இது பிழைத்தால் உனக்கே என்று மாதாவிடம் சொல்லிவிட்டாள் பரிமளா. பிழைத்துக்கொண்டது. சிஸ்டர் ஆகப்போகிறவளுக்குக் கம்மல் எதற்கு என்று அன்றிலிருந்து காதுகூடக் குத்தவில்லை. காலனியில் கைக்குழந்தைகளுக்கெல்லாம் காதில் ஏதாவது மினுக்கும். இவளுக்கு மட்டும் மொட்டைக் காது. பள்ளிக்கூடத்தில் இவள் பெயரே 'சிஸ்டரு' என்றாகிவிட்டது. "இன்னா சிஸ்டரு, முக்காடு எங்க?" என்று கேட்காத பையன் இல்லை. பிரபா அந்தக் கோபத்திலேயே படித்தாள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள், கெமிஸ்ட்ரி. ஒரகடம் பக்கம் பெயிண்ட் கம்பெனி லேபில் வேலை கிடைத்து, நாளைக்குச் சேர வேண்டும்.

"வேண்டுதல் வெச்சவங்களைத்தான் அது கட்டும்மா," என்றார் சாமியார். "உன்னை எப்பவுமே கட்டலை."

"இதை இத்தினி வருஷமா ஒருத்தரும் சொல்லலையே."

"ஒருத்தரும் கேக்கலையே."

பிரபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞானோபதேச வகுப்பில் எட்டு வருஷம் உட்கார்ந்து பத்துக் கட்டளையும் ஏழு அருட்சாதனமும் மூச்சு விடாமல் ஒப்பித்தவள் அவள். இந்த ஒரு வரியை மட்டும் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்?

"அப்ப எங்கம்மாவை அதுலேர்ந்து அவுத்து வுடுங்க. உங்களால முடியும்னு படிச்சேன்."

"முடியும். ரெண்டு நிமிஷ வேலை." அவர் பரிமளாவின் பக்கம் திரும்பினார். "பரிமளாம்மா, அதுக்குப் பதிலா வேற ஏதாச்சும் செய்யலாம். வாராவாரம் கோயில் கூட்டறது மாதிரி. அதைத்தான் ஏற்கெனவே செய்றீங்க. சரின்னு சொல்லுங்க, இப்பவே விடுவிச்சிடறேன்."

"வாணாம் சாமி."

"பயப்படாதீங்க. கடவுள் உங்க பொண்ணை ஒண்ணும் பண்ண மாட்டாரு."

"பயம் இன்னா சாமி பயம்?" துடைப்பத்தைத் தரையில் தட்டிச் சமன் செய்துகொண்டே பரிமளா சொன்னாள். "எடுக்கறவரா இருந்தா அன்னிக்கே எடுத்துக்கினு பூட்டிருப்பாரு."

அம்மாவின் பயத்துக்கென்று பிரபா ஒரு வாரமாகப் பதில் தயார் பண்ணி வைத்திருந்தாள். பயமே இல்லையென்றால் அதையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"பின்ன இன்னாத்துக்கும்மா வாணான்ற?"

"ஊர்க்காரங்க கழனில நாத்து நட்டேன். வெளஞ்சது அவங்க வூட்டுக்குப் போச்சு. நாம கீற வூடு கவுருமெண்டு குட்த்தது. கிறிஸ்மஸ் பொடவை கோயில்ல குட்த்தது. பொறந்ததுலேர்ந்து கைய நீட்டி வாங்கிக்கினேதான் கீறேன். நானா ஒருத்தருக்குக் குட்த்தேன்னா, அது இது ஒண்ணுதான்." பரிமளா மகளைப் பார்க்காமல், மேசைக் காலைப் பார்த்துப் பேசினாள். "காத்தால மண்டி போடறப்ப நான் எதுவும் கேக்கறதில்ல. கேக்கறவங்கதான் நெறைய பேரு கீறாங்களே. குட்த்தவ வந்துகீறேன்னு சொல்லிட்டு எயுந்துடுவேன். அதையும் வாணாம்னுட்டா, நான் எதுக்குக் கண்ணு முழிக்கிறது?"

இட்லிப் பொட்டலத்தில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. யாரும் தட்டிவிடவில்லை.

"நீ குட்த்தது ஒன்னுது இல்லம்மா," என்றாள் பிரபா. "என்னுது."

"பெத்தவளுக்கு அது தெரியாதா? எங்கிட்ட வேற இன்னா இருந்துச்சு?"

பிரபா சாமியாரிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. இதுக்குப் பேர் ஜெபமா?"

அவர் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார். "என்னையும் எங்கம்மா நேர்ந்துதான் விட்டாங்க. அப்பா படுத்த படுக்கையா இருந்தப்ப."

"அது உங்களைக் கட்டாதுன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"குருமடத்துல. திருச்சபைச் சட்டப் புத்தகத்துல இருந்துச்சு."

"தெரிஞ்சு இன்னா பண்ணீங்க?"

"பரீட்சைக்குப் படிச்சேன். நல்ல மார்க்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இது ஜெபமான்னு என்னைக் கேக்காதம்மா. நான் நாள் முழுக்கச் சத்தம் போட்டு ஜெபம் பண்றவன். உங்கம்மா மாதிரி வந்திருக்கேன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்ததில்லை." பேனாவின் மூடியைத் திறந்தார். "எந்தக் கடிதம் எழுதட்டும்? மடத்துக்கா, விடுவிச்சதுக்கா?"

"ரெண்டும் வாணாம் சாமி," என்றாள் பிரபா.

அவள் எழுந்தாள். கோபம் தணிந்துவிடவில்லை. எங்கே போய் உட்காருவதென்று தெரியாமல் அலுத்துப்போய் நின்றது, அவ்வளவுதான்.

"மடத்துக்கு நான் போகலை. நாளைக்கு வேலைல சேர்றேன். அதுக்காக அவங்க கையில கீறதைப் புடுங்கவும் வாணாம்." அம்மாவிடம் குனிந்தாள். "நீ குட்த்துட்ட இல்ல? அதோட வுடு. அப்புறம் அது எந்த வழியாப் போவுதுன்னு நீ பாக்காத. அது என் வழி."

பரிமளா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு, "நாஷ்டா துன்னியா?" என்றாள்.

"இல்ல."

"துன்ட்டுப் போ."

"போற வழியில பாத்துக்கறேன்."

படியில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். கைப்பையில் வேலை உத்தரவும், ஒரு சின்னக் காகிதப் பொட்டலமும் இருந்தன. பொட்டலத்துக்குள் ஒரு ஜோடிக் கம்மல், போன புதன்கிழமையே வாங்கியது. உத்திரமேரூர் பஜாரில் காது குத்துகிறவர் மதியம் வரைக்கும்தான் கடையில் இருப்பார். பின்னால் துடைப்பத்தின் சத்தம் மறுபடியும் தொடங்கியது. பிரபா கேட்டைச் சாத்திவிட்டு பஸ் வரும் ரோட்டுக்கு நடந்தாள்.