பொய்மானுக்குப் பின்னால் நாற்பது நிமிடம்

சவப்பெட்டியின் தலைமாட்டில் வேட்டைக்கான துணிப் பொய்மானை நிறுத்தியே தீர வேண்டும் என்று கொழுந்தன் வெர்ன் ஒற்றைக் காலில் நின்றான். பையோடு கொண்டுவந்தும் விட்டான். உறையை அவிழ்த்த மாத்திரத்தில் அது முறுக்கிக்கொண்டு எகிறி ஒரு மலர்வளையத்தைச் சாய்த்தது. துணியின் ஓரத்தில் ஓடும் எஃகுக் கம்பியை எந்தப் பக்கம் விடுவது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

“அண்ணி, இதக் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க. உங்களுக்குத்தான் கைப்பழக்கம்.”

லோர்னா கறுப்புப் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, புருஷனின் பிணத்துக்கு முன்னால் மண்டியிட்டாள். ஒரு திருகு, ஒரு உதறல். அவ்வளவுதான். நிஜ அளவில் ஒரு பெட்டை எல்க் மான் துணியில் விரிந்து, தலையைத் திருப்பிப் பெட்டிக்குள் பார்த்தது. உள்ளே ராய்ஸ் இலைப்புள்ளி வேட்டைச் சட்டை போட்டு, வில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிடந்தான்.

“பாருங்க, அண்ணன் முகத்துல ஒரு சிரிப்பு வந்த மாதிரி இல்ல?” என்றான் வெர்ன்.

சவக்கூடத்து ஆள் பூசிய சாயத்தைத் தவிர அந்த முகத்தில் ஒரு மண்ணும் இல்லை.

இந்த வில் வேட்டைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பொய்மானுக்குப் பின்னால் மண்டியிட்டு, வாய்க்குள் அதக்கிய ரப்பர்ச் சவ்வை ஊதிப் பெட்டை போலக் குரல் கொடுக்க வேண்டும். இன்னொருவர் ஐம்பது அடி முன்னால் வில்லோடு பதுங்க வேண்டும். பெட்டையைத் தேடிவரும் ஆண் எல்க் துணியையே வெறித்துக்கொண்டு நிற்கும்போது விலாவில் அம்பு இறங்கும். இருபத்திரண்டு செப்டம்பர் மாதங்கள் மண்டியிட்டவள் லோர்னா. அம்பு விட்டவன் ராய்ஸ். வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் மான் தலைகள் எல்லாமே ராய்ஸ் வேட்டையாடியவை என்றுதான் ஊரில் பேச்சு. அவள் பெயரை அங்கே யார் சொல்லப்போகிறார்கள்?

அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. இப்போது அவளைப் பயமுறுத்தியது வேறு விஷயம். செவ்வாய்க்கிழமை காலையில் காட்டில் ராய்ஸ் மாரடைப்பில் சரிந்ததற்கும் அவள் எழுந்து போனதற்கும் நடுவில் நாற்பது நிமிடம் கழிந்திருந்தது. போலீஸ்காரரிடம், “விழுந்தாரு, ஓடினேன்” என்று சொல்லியிருந்தாள். அவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார். மகள் டெஸ்ஸா மட்டும் நேற்று வந்ததிலிருந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் கேட்டுவிடக் கூடாது என்பதுதான் லோர்னாவின் ஒரே வேண்டுதல்.

பாதிரியார் ஜெபத்தை முடித்ததும் வெர்ன் பேச எழுந்தான்.

“போன வருஷக் கதை உங்க எல்லாருக்கும் தெரியும். ஆறு கிளைக் கொம்பு வெச்ச ஆண் மான். அண்ணன் நாண முழுசா இழுத்துட்டாரு. நம்ம அண்ணிக்கு அந்த நேரம் பாத்துக் கால் மரத்துப்போச்சாம், கொஞ்சம் நகந்துட்டாங்களாம். மான் இருந்த இடத்துல தூசிதான் இருந்துச்சு.”

அங்கங்கே சிரிப்பு கிளம்பியது.

“அண்ணன் ஒரு வார்த்தை திட்டல. பொய்மான மடக்கவே விடாம, விரிச்சபடியே அண்ணி முதுகுல கட்டி, ‘முன்னால நடடி’ன்னுட்டாரு. மனுஷன்னு தெரியறதுக்குப் போடுற ஆரஞ்சுத் தொப்பியையும் தலையிலருந்து வாங்கி வெச்சுக்கிட்டாரு. துப்பாக்கிக்காரங்க காட்டுல இறங்கியிருந்த வாரம் வேற. அஞ்சு மைல். ஒவ்வொரு புதரையும் பாத்து, ‘சுடாதீங்க, நான் மனுஷி, நான் மனுஷி’ன்னு கத்திக்கிட்டே வந்தாங்களாம்!”

கூடம் முழுக்கச் சிரித்தது. பாதிரியார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். லோர்னாவும் சிரித்தாள், சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது. மூன்றாவது மைலில் அவள் கால்சட்டை நனைந்ததை வெர்ன் சொல்லவில்லை. ராய்ஸ் அதைத் தம்பியிடம் சொல்லாமலா இருந்திருப்பான்? இழவு நடக்கிற இடமாயிற்றே என்று வெர்ன் விட்டுவிட்டான் போல.

கீழிறங்கி வந்தவன் அவள் தோளைத் தட்டினான். “சீசன் முடிய இன்னும் பத்து நாள் கிடக்கு அண்ணி. அண்ணன் ஞாபகமா நாம ஒரு நடை போயிட்டு வரணும். உங்க குரலுக்கு மயங்காத மான் இருக்கா என்ன?”

“பாக்கலாம் வெர்ன்.”

ஜனங்கள் பன்றியிறைச்சி ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிடப் பக்கத்து அறைக்கு நகர்ந்தார்கள். டெஸ்ஸா அம்மாவின் முழங்கையைப் பிடித்து, மேல்கோட்டுகள் மாட்டும் சிறிய அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது. அப்பா செல்லம் அவள்.

“அப்பாவோட வாட்ச்ச ஆஸ்பத்திரியில என்கிட்ட குடுத்தாங்க. அதுல நாடித் துடிப்பு எல்லாம் பதிவாகும், தெரியுமா?”

லோர்னாவுக்குத் தெரியாது.

“ஏழு பத்துக்குத் துடிப்பு தாறுமாறா ஆயிடுது. நீ அவசர உதவிக் கருவியோட பட்டன அமுக்குனது ஏழு அம்பது. நடுவுல என்னம்மா பண்ணே?”

“உக்காந்திருந்தேன்.”

“எங்க?”

“துணிக்குப் பின்னால.”

டெஸ்ஸா ஒரு கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா மறைவா இருந்தாரா? உனக்குத் தெரியலியா?”

தெரிந்தது. துணியில் பார்ப்பதற்கென்றே வெட்டியிருக்கும் ஓட்டை வழியாக எல்லாம் தெரிந்தது. ராய்ஸ் மரத்தடியில் முட்டி போட்டிருந்தவன் பொத்தென்று உட்கார்ந்தான். கை மேலே வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் மரத்தில் சாய்ந்துவிட்டான். பிறகு ஓர் ஆண் எல்க் அவனைப் பத்தடியில் கடந்து, துணிக்கு நேர் எதிரே வந்து நின்றது. அதன் மூச்சு ஓட்டை வழியாக அவள் முகத்தில் பட்டது. அம்பு வரவில்லை. உயிர் இருந்தால் ராய்ஸ் அதை விட்டிருக்கமாட்டான் என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. மான் துணியை முகர்ந்து, ஏமாந்து, போய்விட்டது. அவள் எழவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இதை மகளிடம் எந்த வாயால் சொல்வது?

“டாக்டர் சொன்னாரு,” என்றாள் டெஸ்ஸா. “யாராவது உடனே போய் நெஞ்ச அமுக்கியிருந்தா பொழைக்க வெச்சிருக்கலாமாம்.”

“ம்.”

“அப்பா உன்னக் கூப்பிட்டாரா?”

“கையத் தூக்கினாரு.”

“எதுக்கு?”

“அசையாதேன்னு.”

டெஸ்ஸா நிமிர்ந்தாள். “அம்மா, எட்டு வயசுல எனக்கும் அத சொல்லிக் குடுத்திருக்காரு. முஷ்டின்னா அசையாத. விரிச்ச கைன்னா வா. எப்படி வெச்சிருந்தாரு? காட்டு.”

பக்கத்து அறையில் வெர்ன் யாருக்கோ அந்தக் கதையை மறுபடி ஆரம்பித்திருந்தான். லோர்னா வலது கையைத் தூக்கினாள். பொய் சொல்ல வேண்டும் என்றுதான் தூக்கினாள். ஐந்து விரல்களும் விரிந்தே நின்றன.

டெஸ்ஸா அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள். சுவருக்கு அப்பால், “நான் மனுஷி, நான் மனுஷி” என்று வெர்ன் குரலை உயர்த்தினான். சிரிப்பு வெடித்தது.

அது அடங்கும்வரை டெஸ்ஸா காத்திருந்தாள். பிறகு அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்து உள்ளே மடக்கினாள். அடுத்ததையும் மடக்கினாள். அதற்கடுத்ததையும், சுட்டுவிரலையும்.

“இப்படித்தான் வெச்சிருந்தாரு,” என்றாள். “யாரு கேட்டாலும் இப்படித்தான்.”

கட்டைவிரல் மட்டும் மடங்காமல் விறைத்து நின்றது. அதை அழுத்தி உள்ளே தள்ளினாள்.